பொது அணியிற் புதுச்செயல் சேர்த்தல் தகுமா?

எம்மொழியும் தோன்றிய அன்றே நிறைவுற்றதன்று. வழங்குவோர் தம் தேவைக்கேற்பச் சொற்களைப் புதியனவாக ஆக்கியும், பிறமொழியினின்று கொண்டும், பழஞ்சொற்களுக்குப் புதுப்பொருள் ஏற்றியும் அதனை வளர்த்து வருகின்றனர். அங்ஙனம் வளர்த்தற்கு வழங்குவோர் அனைவர்க்கும் உரிமை உண்டு. அவ்வுரிமைக்கு எல்லை யாது என்பதே வினா. இவ்வினா மக்கள் பேசும் மொழிகட்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறியை ஏவுதற்பொருட்டு மக்கள் வகுத்த நிரல்மொழிகட்கும் உரியது. அவற்றுள் ஒன்றாகிய ஜாவாஸ்கிரிப்டில் இவ்வினா இருபதாண்டுகட்கு மேலாக எழுந்து நிற்கின்றது. இலக்கியம் பயிலும் மாணவனுக்கு இதில் யாது வேலை என அன்பர் சிலர் வினவலாம். சொல்லை யார் ஆக்கலாம், எங்கு ஆக்கலாம், ஆக்கிய சொல் பிறரை எவ்வாறு தாக்கும் என்பன எம் வகுப்பில் நாடோறும் எழும் வினாக்களே. ஆதலின் இதனை ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

முதற்கண், பொருள் இன்னதெனக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் அர்ரே எனப்படுவதைத் தமிழ்ப் பாடநூல்கள் அணி என வழங்குகின்றன. பல மதிப்புகளை முறைப்பட நிறுத்தி, ஒரே பெயரால் அழைக்கத்தக்க தொகுதியே அணியாகும். நூறு சொற்களோ, ஒரு வகுப்பு மாணவரின் மதிப்பெண்களோ அணியில் நிற்கலாம். அணி ஒவ்வொன்றும் வெறுந்தொகுதியாக நில்லாது, தனக்குரிய சில தொழில்களையும் உடையது: இறுதியில் ஒன்றைச் சேர்த்தல், முறைமாற்றி நிறுத்தல், வரிசைப்படுத்தல், ஒரு பகுதியை வெட்டியெடுத்தல் முதலாயின. இவற்றைச் செயற்கூறுகள் என்பர். ஜாவாஸ்கிரிப்டில் இச்செயற்கூறுகள் ஒவ்வோர் அணியிலும் தனித்தனியே எழுதப்பெற்றிருப்பதில்லை. எல்லா அணிகட்கும் பொதுவாகிய புரோட்டோடைப் என்னும் மூலவடிவில் ஒருமுறை மட்டும் எழுதப்பெற்றுள்ளன. அணி எதனையும் நோக்கி, ‘வரிசைப்படு’ என ஏவினால், அவ்வணி தன்னிடத்து அச்செயல் இன்மையின் மூலவடிவிற் சென்று தேடிக்கொள்கின்றது.

இம்மூலவடிவு பூட்டப்படாத பெட்டி. நிரல் எழுதுவோர் எவராயினும் அதனுட் புதிய செயற்கூறு ஒன்றை இடலாம். இட்ட அந்நொடியே அப்பக்கத்தில் உள்ள அணிகள் அனைத்தும், முன்னரே பிறந்தனவும் இனிப் பிறப்பனவும், அச்செயலை அறிந்தனவாகிவிடும். ஒரே வரியில் ஒரு மொழியையே விரித்துவிடும் ஆற்றல் இஃது. இவ்வாற்றலைப் பயன்படுத்தல் தகுமா, தகாதா என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தகும் என்பார் கூற்றை முதலிற் கேட்போம். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பிரெண்டன் ஐக் என்பார் 1995-ஆம் ஆண்டு மே திங்களிற் பத்து நாட்களில் இம்மொழியின் முதல் வடிவினை ஆக்கினார். 1999-ல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அணிக்கு இன்றியமையாத சில செயல்களே இருந்தன. ஒவ்வோர் உறுப்பின்மேலும் ஒரு செயலை நிகழ்த்தி அவ்விளைவுகளைப் புதிய அணியாகத் தரும் ‘மேப்’ என்பதும், வேண்டுவனவற்றை மட்டும் வடித்தெடுக்கும் ‘ஃபில்டர்’ என்பதும் அதன்கண் இல்லை. இவை தரத்திற் புகுந்தது 2009-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே. இடைப்பட்ட நான்காம் பதிப்பு நெடுநாள் ஆராயப்பெற்று, முடிவிற் கைவிடப்பட்டது. பத்தாண்டுகள் மொழியின் காவலர் வாளாவிருக்க, நிரலெழுதுவோர் பசித்திருந்தனர். ஆகவே 2005-ல் தோன்றிய புரோட்டோடைப் என்னும் நிரல்தொகுப்பும், அதன் பின்னர்த் தோன்றிய மூடூல்ஸ் என்னும் தொகுப்பும் அணியின் மூலவடிவினுள் தாமே பல செயல்களைச் சேர்த்து வழங்கின. அவை உலகெங்கும் பரவின. பசித்தவர் தாமே அட்டது குற்றமாமோ?

தமிழ் பயில்வார்க்கும் இப்பசி உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் செயல், வேறொன்றும் கூறாவிடின், எழுத்துகளை யூனிகோடில் அவற்றிற்கு இடப்பட்ட எண்களின் முறையே நிறுத்தும். யூனிகோடின் தமிழ்ப்பகுதியோ 1988-ஆம் ஆண்டின் இஸ்கி முறையைத் தழுவியது; அம்முறை இந்திய எழுத்துகளை ஒன்றற்கொன்று இணையாக வைத்தற்பொருட்டு, னகரத்தை நகரத்தின் பக்கத்திலும், றகரத்தை ரகரத்தின் பக்கத்திலும் இருத்திற்று. அதனால் ‘பலா, பனை’ எனவும், ‘வாழை, வானம்’ எனவும் நிற்க வேண்டியவை, ‘பனை, பலா’ எனவும், ‘வானம், வாழை’ எனவும் முறைமாறி நிற்கும். னகரம் மெய்யெழுத்துகளின் இறுதியில் நிற்பதென்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். கணிப்பொறி தானாக அறிவதில்லை. தமிழ் முறை அறிந்த ஒப்பீட்டுக் கருவி அம்மொழியிலேயே வேறிடத்தில் உண்டாயினும், ஒவ்வொருமுறையும் அதனை அழைத்து, இரண்டு சொற்களைக் கொடுத்து, விடை பெற்று வரிசைப்படுத்தல் நீண்ட வேலையாகத் தோன்றும். ‘அகரவரிசை’ என ஒரு செயற்கூறு அணிக்கே இருப்பின் எத்துணை இனிது! செயற்கூறுகளின் பெயரைத் தமிழெழுத்திலேயே எழுதவும் ஜாவாஸ்கிரிப்ட் இடந்தருகின்றது.

எம் விடுதி நண்பர் இருவர் அவ்வண்ணமே எண்ணினர். பாடல்களிலுள்ள சொற்கட்கு அடைவு ஒன்று சமைக்கும் நிரலை அவர் பகுதி பகுதியாகப் பகிர்ந்து எழுதினர். ஒருவர் அணியின் மூலவடிவில் ‘அகரவரிசை’ என்னும் செயலைச் சேர்த்தார். அது பழைய அணியைத் தொடாது, வரிசைப்படுத்திய படி ஒன்றைப் புதிதாகத் தரும். மற்றவரும் தம் பகுதியில் அப்பெயரையே சூட்டினார். அவர் செயலோ பழைய அணியையே கலைத்து வரிசைப்படுத்தும். இரண்டாமவர் எழுதிய கோப்பு பின்னர் ஏற்றப்பட்டமையின் அவர் செயலே நிலைத்தது. முதலாமவர் நிரல் வரிசைப்படுத்தியபின் மூல அணியை நோக்கி, எந்தச் சொல் எந்த அடியில் வந்தது எனக் கணக்கிட்டது. மூல அணி கலைந்துபோனதை அஃது அறியாது. அடியெண்கள் யாவும் பொய்த்தன. பிழைச்செய்தி ஒன்றும் எழவில்லை. நிரல் நின்றுவிடவும் இல்லை. அடைவு அழகாகவே அச்சாயிற்று. பாடலை அறிந்த ஒருவர் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோதே பிழை வெளிப்பட்டது.

இதனினும் வேடிக்கையான ஒன்றும் உடன் நிகழ்ந்தது. ஓர் அணியின் உறுப்புகளை எண்ணிச் செல்லப் பழைய வளையம் ஒன்று அம்மொழியில் உண்டு. அது பொருளின் பண்புகளை மட்டுமன்றி, மூலவடிவினின்று வந்த, வெளிப்படையான பண்புகளையும் சேர்த்தெண்ணும். அதனால் ஒவ்வொரு சொற்பட்டியலின் இறுதியிலும், சேர்க்கப்பட்ட செயற்கூறே ஒரு சொல்லாக எண்ணப்பெற்று, அதன் நிரல் முழுவதும் பக்கத்தில் அச்சாயிற்று. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு, எண்ணிக்கையிற் படாமல் மறைத்துச் சேர்க்கும் வழியைத் தந்துள்ளது உண்மையே. அவ்வழி இரண்டாம் இடரை நீக்கும். முதலிற் கூறிய பெயர்மோதலை நீக்காது.

நிற்க. இவ்விடர்கள் ஓரறைக்குள் நிகழ்ந்து ஓரறைக்குள் தீர்வன. யான் தகாது என்பதற்குத் தலையாய காரணம் இவையல்ல. பிறர்க்கும் பின்வருவோர்க்கும் உண்டாகும் இழப்பே அக்காரணம். அதற்கு 2018-ல் நிகழ்ந்த செய்தி சான்றாகும்.

அணிக்குள் அணி அடங்கியிருப்பின், அவற்றைப் பிரித்து ஒரே படியாக நிரவும் செயல் ஒன்றைத் தரத்திற் சேர்க்க, ஜாவாஸ்கிரிப்டின் தரக்குழுவாகிய டீசி-39 எண்ணிற்று. அதற்கு ‘ஃபிளாட்டன்’ என்னும் பெயர் முன்மொழியப்பட்டது. பொருளுக்கு மிகப் பொருத்தமான பெயர். ஃபயர்பாக்ஸ் உலாவியின் ஆய்வுப் பதிப்பு அதனை 2018 மார்ச்சு அளவில் ஏற்றபோது, இணையதளம் ஒன்று செயலிழந்ததென அறியலாயிற்று. காரணம் யாதெனின், மூடூல்ஸ் தொகுப்பு முன்னரே அப்பெயராற் செயல் ஒன்றை அணியின் மூலவடிவில் இட்டுவந்தது. மூலவடிவிலுள்ள வெளிப்படையான செயல்களையெல்லாம் எண்ணியெடுத்துத் தன் வேறொரு பொருளுக்கும் அது படியெடுத்துக்கொள்ளும். உலாவியே அப்பெயரிற் செயல் ஒன்றை மறைவாகத் தரத் தொடங்கியதும், மூடூல்ஸ் அதன்மேல் தன்னுடையதை எழுதினும் மறைவுத்தன்மை நீங்கவில்லை. எண்ணுங்கால் அச்செயல் விடுபட்டது. படியெடுத்த பொருளில் அஃது இல்லாமற்போயிற்று. அதனை நம்பிய பக்கம் முறிந்தது.

அவ்விணையதளங்களை ஆக்கினோர் பலர் வேறு பணிகட்குச் சென்றுவிட்டனர், திருத்துவார் இல்லை. பழைய பக்கங்களை முறிக்கலாகாது என்பது இணையத்தின் முதன்மை அறம். ஒருவர் நகைச்சுவையாக அச்செயலுக்கு ‘ஸ்மூஷ்’ எனப் பெயரிடலாம் என்றார். உலகெங்கும் நிரலெழுதுவோர் நகைத்தும் சினந்தும் வழக்காடினர். இறுதியில் 2018 மே திங்களில் தரக்குழு ‘ஃபிளாட்’ என்னும் குறும்பெயரைத் தெரிந்தது. 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெயரே ஏறிற்று.

இஃது ஒருமுறை நிகழ்ந்து ஒழிந்த செய்தியன்று. ஓர் உறுப்பு அணியில் உண்டோ என வினவும் செயலுக்கு முதலில் எண்ணிய பெயர் ‘கன்டெயின்ஸ்’ என்பது. அதுவும் மூடூல்ஸுடன் மோதியமையால் 2014-ல் ‘இன்க்ளூட்ஸ்’ என மாற்றப்பட்டு, 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. உறுப்புகளை இனம் இனமாகப் பிரிக்கும் செயல் அணியின் செயற்கூறாகவே வரவேண்டியது. பழைய தொகுப்புகளின் பெயர்களோடு மோதியமையால் அவ்விடத்தை இழந்து, 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘ஆப்ஜெக்ட்’ என்னும் வேறோர் இனத்தின்கீழ்ச் சென்று தங்கியது. இம்மொழியை இன்று முதன்முறை கற்கும் மாணவன், ‘இச்செயல் மட்டும் ஏன் அணியில் இல்லை?’ என வியப்பான். அவன் பிறக்குமுன் யாரோ ஒருவர் கொண்ட எளிமைக்கு அவன் இன்று விலை தருகின்றான்.

கல்லூரி நூலகத்தில் பேரகராதி ஒன்றே உள்ளதென்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவன் தனக்கு வேண்டிய புதுச்சொல் அதில் இல்லை எனக் கண்டு, அச்செழுத்துப் போலவே அழகாகத் தன் கையால் அப்பக்கத்தில் எழுதிவிடுகின்றான். சொல்லும் நல்ல சொல், பொருளும் பிழையன்று. ஆயினும் அடுத்து வருபவன் அதனை அகராதியாசிரியர் வாக்கென்றே கொள்வான். பதிப்பாசிரியர் பின்னர் அச்சொல்லுக்கு வேறு பொருள் தந்து புதுப்பதிப்பு வெளியிடின், இருவர்க்கும் இடையே பிணக்கு விளையும். அவன் தன் குறிப்பேட்டில் எழுதியிருப்பின் எவர்க்கும் தீங்கில்லை. பொது அணியின் மூலவடிவு நூலகத்து அகராதி. தன் நிரலிலுள்ள தனிச் செயற்கூறு தன் குறிப்பேடு.

இதற்கு மறுப்பாக ரூபி மொழியினர் ஒன்று கூறுவர். யுகிஹிரோ மாட்சுமோட்டோ ஆக்கிய அம்மொழியில் எல்லா இனங்களும் திறந்தே கிடக்கின்றன. அத்திறப்பே அதன் அழகு என அவர் போற்றுவர். ரெயில்ஸ் என்னும் தொகுப்பு அணிக்கு ‘இரண்டாவது’, ‘மூன்றாவது’, ‘நான்காவது’, ‘ஐந்தாவது’ எனப் பொருள்படும் செயல்களையும், வேடிக்கையாக ‘நாற்பத்திரண்டு’ எனப் பொருள்படும் ஒன்றையும் சேர்த்துள்ளது. நிரல் ஆங்கிலத் தொடர்போலவே படிக்க இனிதாகின்றது. அதனால் மொழி வளர்ந்ததேயன்றித் தளர்ந்ததில்லை என்பர். மேலும், அவ்வாறு சேர்த்தோரே எது தேவை எனக் காட்டினர். ரெயில்ஸில் முன்னரே வழங்கிய ‘சம்’ என்னும் கூட்டற்செயல் 2016-ல் வந்த ரூபி 2.4-ல் மொழியினுள்ளேயே புகுந்தது அன்றோ என வினவுவர்.

இம்மறுப்பிற் பாதி உண்மை. வழங்குவோர் முயற்சியே மொழிக்கு வழிகாட்டும் என்பதை யான் மறுக்கிலேன். ஆனால் அவர் எடுத்துக்காட்டே மற்றைப் பாதியைக் காட்டுகின்றது. ரெயில்ஸின் கூட்டற்செயல் எழுத்துத்தொடர்களையும் ஒட்டித் தந்தது. ரூபியின் கூட்டற்செயலோ சுழியினின்று கூட்டத் தொடங்குதலின், எழுத்துத்தொடரைக் கண்டவுடன் பிழை என்று நின்றுவிடும். ஒரே பெயர், இரண்டு பொருள். இணங்கச் செய்யும் சுமை ரெயில்ஸ் காப்போர் தலையில் ஆண்டுகள் பல கிடந்தது. அன்றியும் ரூபி நிரல் பெரும்பாலும் அதனை எழுதியவர் ஆளும் இயந்திரத்தில் இயங்குவது. மொழியின் புதுப்பதிப்பை அவர் விரும்பும் நாளில் ஏற்கலாம். ஜாவாஸ்கிரிப்டோ படிப்பவர் கையிலுள்ள உலாவியில் இயங்குவது. உலாவி தானே புதுப்பிக்கப்படும். பக்கத்தை எழுதியவர் உறங்கும்போதே அவர் காலடி நிலம் மாறிவிடும். ஓரிடத்திற் பொறுக்கத்தக்கது மற்றோரிடத்திற் பொறுக்கத்தகாதது.

அங்ஙனமாயின் தேவையுடையோர் என் செய்வது? ‘செய்யற்க’ என்று மட்டும் கூறி விடுதல் எளிது. அதனாற் பசி தீராது. வழிகள் உள.

முதலாவது, துணைச் செயற்கூற்றைத் தனியே எழுதி, அணியை அதற்கு உள்ளீடாகத் தருதல். ‘அணியே, அகரவரிசைப்படு’ என்பதற்கு மாறாக, ‘அகரவரிசையே, இவ்வணியைக் கொள்’ என்பது. சொன்முறை சிறிது மாறுமேயன்றிப் பயன் குறையாது. இரண்டாவது, செயல்கள் பல வேண்டுமாயின் அணியினின்று கிளைத்த புதிய இனம் ஒன்றைத் தன்பெயரால் ஆக்கி, அதற்குமட்டும் அவற்றைத் தருதல். 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு நன்கு இடந்தருகின்றது. சொல்லடைவுக்கு ‘சொற்பட்டியல்’ என ஓரினம் இருப்பின், அகரவரிசை அதற்கு இயல்பான தொழிலேயாம். மூன்றாவது, மொழியின் காவலர்க்கு உரியது: விரிவை நாடுவோர்க்கு எல்லையுள்ள வாயில் ஒன்றைத் திறந்துவைத்தல். சி-ஷார்ப் மொழி 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இவ்வாயிலைத் திறந்தது. அங்கே அணிக்குப் புதுச்செயல் சேர்த்தாற்போல எழுதலாம்; ஆயின் அச்செயலைப் பெயர்சொல்லி வருவித்த கோப்பிலன்றிப் பிறிதோரிடத்தில் அது தோன்றாது; அணிக்கே அப்பெயரிற் பொருந்துஞ் செயல் பின்னர் வரின் அதுவே மேற்படும். காட்லின் மொழியிலும் இத்தகைய வாயில் உண்டு. திறப்பைப் போற்றிய ரூபியே 2013-ல் ‘ரிஃபைன்மென்ட்ஸ்’ என்னும் முறையைக் கொணர்ந்து, சேர்த்த செயலை வேண்டிய கோப்பளவில் அடக்க வழிசெய்தது. திறந்த வீட்டினரே அறைக்குக் கதவு வைத்தனர் என்றால், கதவின் தேவைக்கு வேறு சான்று வேண்டுமோ?

ஒரே ஒரு விலக்கு யான் உடன்படுவது. தரத்தில் முன்னரே ஏறிய செயல் ஒன்று பழைய உலாவியில் இல்லையெனின், அதே பெயரில், அதே பொருளில், தரம் கூறியவாறே இம்மியும் பிறழாது, அஃது இல்லாதவிடத்து மட்டும் சேர்த்தல் தகும். அது புதுச்சொல் புனைதலன்று. பழம்படியில் விடுபட்ட சொல்லை அச்சிட்ட நூலோடு ஒப்பிட்டு நிரப்புதலாகும். தரத்தில் ஏறுமுன்னரே, ‘ஏறும்’ என்னும் நம்பிக்கையாற் சேர்த்தலோ இவ்விலக்கினுள் அடங்காது. பெயரும் பொருளும் இறுதிநாளிலும் மாறக்கூடும் என்பதை மேற்கூறிய வரலாறு காட்டிற்று.

‘எம் நிரல் சிறிது, கல்லூரிப் பயிற்சிக்கு எழுதுவது, எம்மால் உலகத்து மொழி கெடுமோ?’ என மாணவர் கேட்பர். மூடூல்ஸை ஆக்கியோரும் உலகைக் கெடுக்க எண்ணியவரல்லர். திறமையும் நன்னோக்கும் உடையோரே. அவர் செய்தது தீமையுமன்று. அக்காலத்தில் பலர்க்கு உதவியது. ஆயினும் ஆண்டுகள் பல கழித்து அவர் அறியாத ஒருவர் பக்கம் முறிந்தது. மொழி தனக்குப் பொருத்தமான பெயரை இழந்தது. பயன்படும் நிரல் எதுவும் எழுதியவரோடு நின்றுவிடுவதில்லை; நண்பர் படியெடுப்பார், அவர் நண்பர் படியெடுப்பார். பயிற்சியிற் படிந்த பழக்கமே பணியிலும் தொடரும்.

ஆகவே என் துணிபு இது: துணைச் செயற்கூறுகளைத் தாராளமாக எழுதுக, வேண்டியனவெல்லாம் எழுதுக, நல்ல தமிழ்ப்பெயர்களே சூட்டுக. ஆனால் அவற்றைத் தன் நிரலில், தன் எல்லைக்குள் வைத்து எழுதுக. நன்றாயின் பிறர் தாமே விரும்பிக் கேட்டுப் பெறுவர். பலர் பெற்று வழங்கினால் மொழியே ஒருநாள் அதனை ஏற்கும். கேளாதார் மேல் ஏற்றப்பட்ட சொல் எத்துணை நல்லதாயினும் சுமையே. பொதுவென்பது யாவர்க்கும் உரியது. ஆதலினாலேயே எவரும் தமக்கு வேண்டியவாறு தனித்து மாற்றுதற்கு உரியதன்று.